ஒரு முத்து தண்ணீர்

எங்கள் காக்கா (அண்ணன்) சுபுஹு என்கிற அதிகாலைத் தொழுகைக்கு ஒளு (தொழுமுன் கை, முகம், கால் கழுவுவது) எடுக்க உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் குழாய்ச் சத்தம் நிற்காது. வலது முழங்கை வரை கழுவுவார், கொஞ்சம் யோசிப்பார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அப்புறம் தொழுகையைத் தொடங்கும் தக்பீர். கையைக் கட்டியதும் நிய்யத் (தொழும் எண்ணம்) சரியாக வந்ததா என்று சந்தேகம் வரும், அவிழ்த்துவிடுவார். ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் அவர் தொழுகையின் முதல் சுற்றான ரக்அத்துக்குள் போயிருக்க மாட்டார். விரல் இடுக்குகள் வெடித்து ரத்தம் கசியும். உம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால், அந்த எண்ணெய் தோலில் தண்ணீர் படாமல் தடுத்துவிடுமோ என்று அதற்கும் ஒரு கழுவல்.

முதலில் ஊரில் இதைப் பேணுதல் என்று மெச்சினார்கள். பிறகு ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு என்றார்கள். ஓதிய தண்ணீரும் கொடுத்துப் பார்த்தோம். ஒரு நாள் இரவு காக்கா என்னை எழுப்பி, "தம்பி, அல்லாஹ்வைப் பற்றி அசிங்கமான நினைப்பெல்லாம் வருது. நான் முஸ்லிம்தானா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் எங்கள் மஹல்லாவின் மார்க்க அறிஞர் ஆலிம்சாவிடம் இருந்தது. வாயால் சொல்லவே கூசும் எண்ணங்கள் மனதில் வருகின்றன என்று நபித் தோழர்களான ஸஹாபாக்களே நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். அப்படிக் கூசுவதே தெளிவான ஈமான் என்று பதில் வந்தது. முஸ்லிம் என்ற தொகுப்பில் உள்ள ஹதீஸ் (நபிமொழி). அதைக் கேட்டுக் காக்கா அழுததை நான் மறக்கமாட்டேன். "உறுதியானது சந்தேகத்தால் நீங்காது, இது ஃபிக்ஹு சட்டம். ஒரு தடவை கழுவினா ஆச்சு, அப்புறம் வர்ற சந்தேகத்துக்கு நீ பதில் சொல்ல வேண்டாம்" என்றார் ஆலிம்சா. கூடவே, மனநல டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னதும் அவர்தான்.

மதுரையில் டாக்டர் ஓசிடி என்றார், அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய். மாத்திரை தந்தார். சந்தேகம் வந்தாலும் மறுபடி கழுவாமல், பதற்றம் தானாக இறங்கும்வரை அப்படியே இருக்கப் பழக வேண்டும் என்றார். ஆலிம்சா சொன்னதற்கு இது எவ்வளவு பக்கம்!

நபி (ஸல்) ஒரு முத்து தண்ணீரில் ஒளு செய்ததாக புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. முத்து என்றால் இரண்டு கையையும் சேர்த்து அள்ளும் அளவு, ஒரு லிட்டர்கூட வராது. அந்த அளவுக்கு ஒரு எவர்சில்வர் சொம்பைக் குழாயடியில் வைத்தோம். இதைச் சொன்னபோது டாக்டருக்கு மிகவும் பிடித்துவிட்டது. முதல் நாள் சொம்பு காலியானதும் காக்காவின் கை நடுங்கியது. இன்னொரு சொம்பு கேட்டுக் கெஞ்சினார். நான் தரவில்லை. அதைவிடக் கஷ்டமான காலை எனக்கு வாய்த்ததில்லை.

பிறகுதான் அபூ ஸைத் அல்பல்கியைப் பற்றிப் படித்தேன். 934-இல் இறந்த அறிஞர், இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் பகுதிக்காரர். உடல் நலம், மன நலம் இரண்டையும் ஒரே நூலில் வைத்து எழுதியவர். கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ் (ஓயாமல் வரும் வேண்டாத எண்ணம்) என மனதின் தொல்லைகளைத் தனித்தனியாகப் பிரிக்கிறார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமே தெரியாமல் வருவது வேறு, பின்னது உடலோடு தொடர்புள்ளது என்கிறார். அவசரத்துக்கு வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல், மனம் தெளிவாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேர்த்துவைக்கச் சொல்கிறார். சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரி அந்த நூலின் மனம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

பல்கியின் பெயரைச் சொல்லி, எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது, டாக்டர் எதற்கு என்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. உடலையும் மனதையும் சேர்த்துப் பார் என்றவரை வைத்தா மாத்திரையை நிறுத்தச் சொல்வது?

இப்போது காக்காவுக்கு ஒளு ஐந்து நிமிடம். வீட்டில் ஏதாவது நெருக்கடி என்றால் பத்தாகும். போன ரமலானில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முழுவதும் ஜமாஅத்தோடு நின்றார். சொம்பு இன்னும் குழாயடியில்தான் இருக்கிறது. உம்மாவும் இப்போது அதில்தான் ஒளு எடுக்கிறார்.