நிலவறை வீட்டின் நேரசூசி

பிள்ளைகள் இருவரையும் பாடசாலையிலிருந்து விலக்கி வீட்டில் வைத்துப் படிப்பிக்கப் போகிறோம் என்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அவர் கேட்ட முதற்கேள்வி, "ஏன் பிள்ளை, பள்ளிக்கூடத்தாலை கலைச்சுப்போட்டாங்களோ?" என்பதுதான். அம்மாவின் அறிவுக்கு எட்டியவரையில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகாமலிருக்க இரண்டு காரணங்களே உண்டு. ஒன்று காய்ச்சல், மற்றது இடப்பெயர்வு. எங்களுடையது இரண்டிலும் சேராது என்பதை அவருக்கு விளங்கப்படுத்த ஒரு கிழமை எடுத்தது.

நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலவறையில் வாடகைக்கு இருக்கிறோம். என் கணவருக்குக் களஞ்சியசாலை ஒன்றில் பிற்பகல் 3 மணி முதல் இரவு 11 மணிவரை வேலை. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும் என்பதால் 1.45க்கே புறப்பட்டு, நள்ளிரவு கடந்துதான் திரும்புவார். பிள்ளைகள் காலையில் பாடசாலைக்குப் போகும்போது அவர் உறக்கத்தில் இருப்பார். அவர்கள் மூன்றரைக்கு வீடு வரும்போது வேலையில் இருப்பார். திங்கள் முதல் வெள்ளிவரை ஒரே கூரையின்கீழ் இருந்தும் தகப்பனும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் விழித்த கண்ணோடு பார்த்ததில்லை. குடும்பத்தைப் படமாக வரைந்து வரும்படி முதலாம் வகுப்பில் சொன்னபோது, மகள் எங்கள் மூவரையும் நிற்கவைத்து, அப்பாவைப் போர்வைக்குள் வரைந்து கொண்டுபோனாள். அந்தப் படத்தைப் பார்த்த இரவில்தான் இந்தப் பேச்சுத் தொடங்கியது. பாடசாலைமீது எங்களுக்கு மனக்குறை எதுவும் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

இப்படிச் செய்யச் சட்டம் இடம்கொடுக்குமா என்பதே அப்போது எங்களுடைய பெரும் பயம். புதிதாக வந்த நாட்டில் பிள்ளைகளின் விடயத்தில் கைவைப்பது என்றால், யாரோ கதவைத் தட்டுவார்கள் என்ற நினைப்பு எவருக்கும் வரும். ஆனால் ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் நடைமுறை எதிர்பார்த்ததைவிட எளிமையானது. இங்கே 6 வயது முதல் 18 வயதுவரை கல்வி கட்டாயம். எனினும் வீட்டிலோ வேறிடத்திலோ போதிய கல்வி பெறும் பிள்ளைக்குப் பாடசாலை வரவிலிருந்து கல்விச் சட்டமே விலக்கு அளிக்கிறது. 2002இல் மாகாணக் கல்வி அமைச்சு வெளியிட்ட 131ஆம் இலக்கக் கொள்கைக் குறிப்பின்படி, பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் செப்ரெம்பர் முதலாம் திகதிக்கு முன்னர் தங்கள் பகுதிக் கல்விச் சபைக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிள்ளையின் பெயர், பால், பிறந்த திகதி, வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம், பெற்றோரின் கையொப்பம் ஆகியவை இருந்தால் போதும். அந்தக் கடிதத்தையே போதிய சான்றாகச் சபை ஏற்றுக்கொள்வதுதான் வழக்கம். சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தாலன்றி மேற்கொண்டு விசாரிப்பதில்லை. நேரசூசி காட்டும்படியோ பாடத்திட்டத்தை ஒப்புவிக்கும்படியோ எவரும் எங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்றுகூடப் பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன், ஏனென்றால் எங்களிடம் கேட்க ஆளில்லாத அந்த நேரசூசிதான் முதல் இரண்டு மாதங்களும் எங்களைப் படுத்தியெடுத்தது.

முதலாவது நேரசூசியை நான் என் பள்ளிக்கூட நினைவிலிருந்தே வரைந்தேன். அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, 8.45க்குத் தொடங்கி 3.15க்கு முடியும் எட்டுப் பாடவேளைகள், ஒவ்வொன்றும் 40 நிமிடம், நடுவில் இடைவேளை, பாடத்துக்கு ஒரு நிறம் என்று அதைக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டினேன். பார்க்க மிக அழகாகத்தான் இருந்தது. ஒன்பதாம் நாள் அது கிழிந்தது, கிழித்தவள் நான்தான். மகன் கணக்கில் ஒரு பயிற்சியை 12 நிமிடத்தில் முடித்துவிட்டு மிகுதி 28 நிமிடமும் மேசையின் காலை உதைத்துக்கொண்டிருப்பான். மகளோ ஒரு கதைக்குள் நுழைந்தால் வெளியே வர ஒரு மணித்தியாலம் எடுப்பாள்; நாற்பதாவது நிமிடத்தில் புத்தகத்தைப் பறித்து விஞ்ஞானக் கொப்பியைக் கொடுத்தால், அழுகையில் இரண்டு பாடமும் போய்விடும். இதற்கிடையில் கணவர் எழும்பி வந்து பிள்ளைகளோடு பேச வாயெடுத்தால், "பாடம் நடக்குது, குழப்பாதையுங்கோ" என்று நான் அடக்குவேன். எதற்காகப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்தினோமோ அதையே நான் தடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த இரண்டு கிழமைகளுக்கு நேரசூசியே போடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கொப்பியில், எந்த நேரத்தில் எவர் என்ன செய்தார், எப்போது சண்டை பிடித்தார்கள், எப்போது தாமாகவே எதையாவது எடுத்து வாசித்தார்கள் என்று குறித்துவந்தேன். வீட்டுக்கல்வி தொடங்குபவர்கள் எவராவது என்னிடம் ஆலோசனை கேட்டால், முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். குறிப்புகளைப் பிறகு புரட்டியபோது, எங்கள் நாளில் நாங்கள் நினைத்தாலும் நகர்த்த முடியாத விடயங்கள் மூன்றே மூன்று இருப்பது தெரிந்தது: அம்மாவின் தொலைபேசி அழைப்பு, கணவர் வேலைக்குப் புறப்படும் நேரம், சூரியன் மறையும் நேரம். மற்ற எல்லாவற்றையும் முன்பின்னாக மாற்றலாம். ஊரில் மாட்டை மேயக் கட்டும்போது முளையைத்தான் இறுக்கி அடிப்பார்கள், கயிற்றைத் தளர்வாகத்தான் விடுவார்கள். நான் அதுவரை கயிறு முழுவதையும் முளையாக்கப் பார்த்திருக்கிறேன்.

காலை 8 மணிக்கு அம்மா அழைப்பார். குளிர்காலத்தில் அப்போது அங்கே மாலை 6.30, விளக்கேற்றித் தேவாரம் பாடி முடித்துவிட்டு வட்ஸ்அப்பில் வந்து அமர்வார். பிள்ளைகளுக்கு அதுதான் தமிழ்ப் பாடம், நான் அதற்கு அந்தப் பெயரை ஒருநாளும் சூட்டியதில்லை என்றாலும். ஒருநாள் கதை, ஒருநாள் அம்மம்மாவுக்குக் கடிதம் வாசித்துக்காட்டல், ஒருநாள் கிணற்றடிக்குப் பூனை வந்துபோன விபரம். ரகரமும் றகரமும் மாறினால் அம்மா விடமாட்டார். மார்ச்சில் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளும்போது, எங்கள் 8 மணி அவருக்கு 5.30 ஆகிவிடும், பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் நேரம் அது. ஆகையால் கோடைகாலத் தமிழ்ப் பாடம் வாளியும் செடிகளுமாக முற்றத்தில் நடக்கும், நவம்பரில் மறுபடி விளக்கடிக்குத் திரும்பும். இலங்கையில் மணிக்கூடு மாறுவதில்லை என்பதையும், பூமியின் சாய்வினால் இங்கே பகல் நீண்டு குறுகுவதையும் மகன் விளங்கிக்கொண்டது இந்த அழைப்பினால்தான்.

ஒன்பதரைக்குக் கணவர் தேநீரோடு மேசைக்கு வருவார். அதிலிருந்து பதினொரு மணிவரை கணக்கு அவருடைய பொறுப்பு. ஊரில் அவர் கணக்குப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே பெட்டிகளை அடுக்குகிறார். அந்த மேசையில் பென்சிலோடு இருக்கும்போது அவருடைய முகம் வேறு. வாய்ப்பாட்டைத் தமிழில் இராகம் போட்டுச் சொல்லிக்கொடுப்பார், மகன் விடையை மனதுக்குள் ஆங்கிலத்துக்கு மாற்றிச் சொல்வான். ஒன்ராறியோவின் கணிதப் பாடத்திட்டத்தில் நிரலாக்கமும் நிதி அறிவும் 2020 முதல் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பாடத்திட்டத்தை நாங்கள் பின்பற்றியாக வேண்டும் என்றில்லை. ஆனாலும் பிள்ளைகள் என்றாவது பாடசாலைக்குத் திரும்பக்கூடும் என்பதால், அமைச்சின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆவணத்தைப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். நிதி அறிவுப் பாடத்துக்கு எங்கள் வீட்டுப் பலசரக்குக் கணக்கே போதுமாக இருக்கிறது. பிரெஞ்சு மொழிதான் சிக்கல். இங்கே நான்காம் வகுப்பில் அது கட்டாய பாடமாகிறது, எங்கள் இருவருக்கும் ஓர் எழுத்தும் தெரியாது. நூலகத்து ஒலிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு நால்வருமாகப் படிக்கிறோம், உச்சரிப்பில் மகளே முன்னிற்கிறாள்.

பாடசாலைகளில் ஒருநாள் கற்பித்தல் 5 மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது, ஆண்டில் 194 நாட்களாவது பாடசாலை இருக்க வேண்டும் என்பது இந்த மாகாணத்தின் விதி. வீடுகளுக்கு அது பொருந்தாது என்று தெரிந்தும், அந்த ஐந்து என்ற எண் நெடுநாள் என் தலைக்குள் இருந்து அரித்தது. இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வரிசையில் நின்று, கொப்பி எடுத்து, அமைதியாகி, சந்தேகம் கேட்டு முடிக்கும் நேரமும் அதற்குள் அடக்கம் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் வேண்டியிருந்தன. இப்போது எங்கள் வீட்டில் அமர்ந்து எழுதும் படிப்பு நாளொன்றுக்கு இரண்டரை மணித்தியாலம், சில நாட்களில் அதுவும் இல்லை.

பன்னிரண்டரைக்கு நால்வரும் ஒன்றாக இருந்து சோறு சாப்பிடுவோம். எங்கள் நாளின் உச்சி அதுதான். இரவுச் சாப்பாட்டைக் குடும்பத்தோடு உண்பதே இங்கே பலருக்கும் வழக்கம். எங்களுக்கு அது வாய்க்காது என்று தெரிந்த பிறகு மதியத்தைப் பெரிதாக்கிக்கொண்டோம். கணவர் போனதும் 2 மணி முதல் 3 மணிவரை ஒருவரோடொருவர் பேசாத நேரம். மகன் கட்டிலில், மகள் மேசையின் கீழே, நான் என் ஆங்கில வகுப்பின் வீட்டுவேலையோடு. இந்த ஒரு மணித்தியாலம் இல்லாவிட்டால் நான் இதை ஒரு மாதம்கூட இழுத்திருக்கமாட்டேன். நாள் முழுவதும் தாயும் ஆசிரியையும் ஒருத்தியாகவே இருப்பதன் களைப்பைப் பற்றி எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

மூன்றாவது முளையான வெளிச்சம் நிலவறையில் வாழ்பவர்களுக்குத்தான் முழுதாக விளங்கும். எங்கள் சன்னல் நிலமட்டத்தில் இருக்கிறது. பனி கொட்டினால் அதுவும் மூடிக்கொள்ளும், பகலா இரவா என்று மணிக்கூட்டைப் பார்த்தே அறிய வேண்டும். டிசெம்பரின் நடுப்பகுதிக்குப் பிறகு ரொறன்ரோவில் பகல் ஏறக்குறைய ஒன்பது மணித்தியாலந்தான், மாலை ஐந்துக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். முதற்குளிர்காலத்தில் நான் படிப்பை முடித்துவிட்டு வெளியே போகலாம் என்று வைத்திருந்தேன், வெளியே வந்தால் இருட்டு. இப்போது வெளியே போவதுதான் முதல், மிஞ்சிய நேரத்துக்கே படிப்பு. மற்றப் பிள்ளைகள் பாடசாலை விட்டு வரும் மூன்றரைக்கும் இருள் சூழும் நேரத்துக்கும் இடையில் டிசெம்பரில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாகவே கிடைக்கும். அந்த நேரம் பூங்காவுக்கு மட்டும் உரியது. எங்கள் பிள்ளைகளுக்கு நண்பர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்கள் தனித்துப்போவார்களே என்று எங்களைக் கேட்பவர்களுக்கு நான் காட்டும் இடமும் அதுதான். சப்பாத்து, கையுறை, காலுறை, தொப்பி என்று இருவரையும் உடுத்தி முடிக்க 15 நிமிடம் செல்லும் என்பதையும் நேரசூசியில் ஒரு பாடமாகவே எழுதியிருக்கிறேன்.

வியாழக்கிழமை வேறுவிதம். மேல்வீட்டாரோடு பகிரும் சலவை இயந்திரம் எங்களுக்குக் கிடைக்கும் நாள் அது. அன்று எழுத்துப் படிப்பே கிடையாது. துணி காயும்வரை வாசிப்பு, மடிக்கும்போது சொல் விளையாட்டு. செவ்வாயில் நூலகம். 12 வயதுவரையான பிள்ளைகளுக்கு ரொறன்ரோவின் பஸ்களில் கட்டணமில்லை, நூலக அட்டை இலவசம், புத்தகம் பிந்தினாலும் தாமதக் கட்டணம் இல்லை. ஸ்காபரோவின் பல கிளைகளில் தமிழ்ப் புத்தக அலுமாரிகளும் உண்டு. வெயில் காலத்தில் மாதம் ஒருமுறையாவது நுழைவுக் கட்டணமில்லாத றூஜ் தேசிய நகர்ப்பூங்காவுக்குப் போவோம்; அங்கே ஆற்றோரத்தில் பொறுக்கிவந்த கற்கள் எங்கள் விஞ்ஞானக் கொப்பிக்குப் பக்கத்தில் ஒரு குவியலாக இருக்கின்றன.

இவ்வளவையும் எழுதினாலும் கிழமைக்கு ஒருநாளாவது எல்லாம் கலைந்துபோகத்தான் செய்கிறது. கணவருக்கு மேலதிக நேர வேலை வரும், அம்மாவின் பக்கத்தில் மின்சாரம் நிற்கும், மேல்வீட்டில் விருந்தினர் வந்தால் எங்கள் தலைக்குமேல் காலடியோசை ஓயாது. அப்படியான நாட்களில் மதியச் சோற்றை மட்டும் பிடித்துக்கொள்கிறேன், அதுவும் தவறினால் மூன்றரைப் பூங்காவை.

கல்விச் சபைக்கு அனுப்ப வேண்டிய இந்த ஆண்டுக் கடிதம் இப்போது குளிர்சாதனப்பெட்டியில், பழைய நேரசூசி இருந்த இடத்தில், ஒட்டியிருக்கிறது. மகளின் பெயரை எழுதிவிட்டேன். பூங்காவில் சேரும் கூட்டாளிகளோடு ஒரே வகுப்பில் இருந்து பார்க்க வேண்டும் என்று மகன் சென்ற கிழமை சொன்னான். அப்பாவுக்குக் காலை வேலை கிடைத்தால் போகலாமா என்றும் அவனே கேட்டான். கணவர் வேலைமாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். இரண்டாவது பெயருக்கான வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன், செப்ரெம்பருக்கு இன்னும் மூன்று கிழமைகள் இருக்கின்றன.