கார்ட் சக்கரம்

பாடுபவர் "சுருதியைக் கொஞ்சம் ஏத்திக்கலாமா?" என்று கேட்டதும் கிடார்காரர் முகம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டின் கார்டுகளை (chords, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) எல்லாம் மாற்ற வேண்டுமே! அதற்கு மருந்து, உள்ளங்கை அளவு கார்ட் சக்கரம். இரண்டு வட்டுகள், நடுவில் ஓர் ஆணி. அடிவட்டில் 12 சுருதிகளும் ச–ப உறவில் அடுத்தடுத்து நிற்கும். மேல்வட்டில் ஒரு ஜன்னல்.

ஜன்னலை சி (C) சுருதிக்குத் திருப்பினால் எஃப், சி, ஜி மேஜர்களும், அவற்றுக்குக் கீழே டி, ஏ, இ மைனர்களும், ஓரமாக பி டிமினிஷ்டும் தெரியும் (மேஜர், மைனர், டிமினிஷ்ட் என்பவை கார்ட் வகைகள்). அந்தச் சுருதிக்கு அடிப்படைக் கார்டுகள் இந்த ஏழும்தான். சி, ஏ மைனர், எஃப், ஜி என்று போகும் பாட்டை டி-க்கு ஏற்ற வேண்டுமா? ஜன்னலைத் தள்ளுங்கள், அதே இடங்களில் டி, பி மைனர், ஜி, ஏ வந்து நிற்கும்.

செயலியும் இதைச் செய்யும், சரி. ஆனால் பக்கத்துச் சுருதிக்கு ஏன் அவ்வளவு சுலபமாகத் தாவ முடிகிறது என்பது சக்கரத்தில்தான் கண்ணில் படுகிறது: சி-க்கும் ஜி-க்கும் வித்தியாசம் ஒரே ஸ்வரம், எஃப் போய் எஃப் ஷார்ப் வருகிறது, அவ்வளவே.

அப்புறம், விரலை எங்கே வைப்பது என்று இது சொல்லாது. சி-யில் ஓடும் பாட்டில் திடீரென்று அந்த ஏழில் இல்லாத இ மேஜர் நுழைந்தால், அதையும் காதால்தான் பிடிக்க வேண்டும்.