ரன் மாஸ்ரர்

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்தவரின் சொந்தப் பெயரை நாங்கள் யாரும் சொல்வதில்லை. அவர் ரன் மாஸ்ரர்தான். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆளுக்கொரு வசனம் கேட்பார். ஒருவன் சொன்ன கருத்தில் இன்னொருவன் சொல்லக்கூடாது. 'கெட்', 'புட்' எல்லாம் ஒவ்வொரு வெள்ளியோடு முடிந்தன. 'ரன்' மட்டும் மூன்று வெள்ளிகளைத் தின்றது.

முதல் வாங்குக்காரர் நாய், முயல், தம்பி என்று கண்டதையெல்லாம் ஓடவிட்டார்கள். "ஓடினது காணும், இனிக் காலில்லாததுகளை ஓட விடுங்கோடா" என்றார் மாஸ்ரர். ஆறு ஓடியது, பஸ் ஓடியது, தடிமன்காரனின் மூக்கும் ஓடியது. எங்கள் கிரிக்கெட் கப்டன் எழும்பி 'ரன் அவுட்' என்றான். "வீட்டில சீனி முடிஞ்சாலும் ரன் அவுட்தான்" என்றார் மாஸ்ரர். அவர் பகிடி விடுகிறார் என்றே நினைத்தோம். அப்புறம் கடை நடத்தினாலும் ரன், காய்ச்சல் காய்ந்தாலும் ரன், தொட்டியில் குளிக்கத் தண்ணீர் பிடித்தாலும் ரன் என்று அடுக்கினார். கிணற்றடியில் அள்ளிக் குளித்த எங்களுக்குக் கடைசியாகச் சொன்னது சுத்தமாக விளங்கவில்லை.

"தேர்தலில அமெரிக்கன் ஓடுவான், இங்கிலீஷ்காரன் நிற்பான்" என்றும் ஒருநாள் சொன்னார். "நாங்கள் எலக்சன் கேக்கிறனாங்கள், சேர்" என்றான் பின்வாங்குக்காரன் ஒருவன். மாஸ்ரர் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

மூன்றாம் வெள்ளி முடிய என் கொப்பியில் 41 கருத்துகள் இருந்தன. சொல்லைக் கரைகண்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்போடுதான் 1986இல் லண்டன் வந்தேன். முதல் வேலை கேட்டுப் போனது ஒரு பெற்றோல் செட்டுக்கு. என்ன தெரியும் என்று முதலாளி கேட்க, கார் ஓடத் தெரியும் என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டு, யாழ்ப்பாணத்தில் நான் கார் 'ரன்' பண்ணினேன் என்றேன். மனிதர் என் சப்பாத்தை ஒருதரம் பார்த்தார். அப்படியானால் இந்த வேலை உனக்கு எதற்கு என்று கேட்டார். இங்கே கார் 'ரன்' பண்ணுவது என்றால் சொந்தமாகக் கார் வைத்து, பெற்றோல், இன்சூரன்ஸ், திருத்த வேலை என்று எல்லாச் செலவையும் தாங்குவது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரு சைக்கிள். வேலை கிடைக்கவில்லை. மாஸ்ரரின் பட்டியலில் இந்தக் கருத்து இல்லாமல் போனதில் அவர் மேல் எனக்குக் கொஞ்சக்காலம் கோபம்.

2011இல் ஒரு செய்தி வாசித்தபோது அந்தக் கோபமும் தீர்ந்தது. ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் பழைய பதிப்புகளில் ஆக நீளமான பதிவு 'செட்'டுக்குத்தான். புதிய திருத்தத்தில் 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 கருத்துகள். அகராதியாளர் பீட்டர் கில்லிவருக்கு அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் போயிற்றாம். மாஸ்ரருக்குக் கிடைத்தது மூன்று வெள்ளிக்கிழமை.

அந்தச் சொல்லின் பூர்வீகம் எனக்கு இன்னும் பிடித்தது. பழைய ஆங்கிலத்தில் தானே ஓடுவதற்கு ஒரு சொல், குதிரையை ஓட்டுவதற்கு இன்னொரு சொல். எங்கள் 'ஓடு', 'ஓட்டு' மாதிரியேதான். நாளடைவில் இரண்டும் கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டது. தமிழ்நாட்டார் இன்றும் கார் ஓட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்தார் நாங்கள் கார் ஓடுகிறோம், சைக்கிளும் ஓடுகிறோம். பெற்றோல் செட்டில் நான் விட்ட பிழை அவ்வளவு மோசமில்லை என்று இப்போது வாதாடலாம், கேட்க அந்த முதலாளி இல்லை.

போன மாதம் பேரன் லைசென்ஸ் எடுத்துவிட்டு வந்து, "தாத்தா, நான் இனிக் கார் ஓட்டலாம்" என்றான். படம் பார்த்துப் பழகிய தமிழ். "ஓட்டலாம் இல்லையடா, ஓடலாம்" என்று தொடங்கி, பழைய ஆங்கிலம் வரைக்கும் போய்விட்டேன். குசினிக்குள் இருந்து மனைவியின் குரல் வந்தது: "அவனைத் திருத்தினது காணும். பால் முடிஞ்சுது, கடைக்கு ஒருக்கா ஓடிட்டு வாங்கோ."