13 பிள்ளைகள் போதுமா?

2024 நவம்பரில் அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ, ஏஏடிசி குறைபாடு என்ற அரிய பிறவி நோய்க்கான கெபிலிடி என்ற மரபணு சிகிச்சைக்கு, 13 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வை வைத்து அனுமதி கொடுத்தது. நேராக மூளைக்குள் செலுத்தும் மரபணு சிகிச்சைக்கு அங்கே கிடைத்த முதல் அனுமதி இதுதான். ஐரோப்பாவில் இதே சிகிச்சை அப்ஸ்டாசா என்ற பெயரில் 2022லேயே வந்துவிட்டது. செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதும் செந்தூல் சித்தப்பா கேட்டார்: "வெறும் 13 பிள்ளைங்கள வச்சா அனுமதி கொடுத்தாங்க? எப்படிம்மா நம்புறது?"

நியாயமான கேள்விதான். ஆனால் போதும் என்றே நான் சொல்வேன், அதற்கு முதலில் நோயைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மூளை நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமைன், செரோடோனின் இரண்டையும் உடல் தயாரிக்க ஏஏடிசி என்ற நொதி வேண்டும். அது வேலை செய்யாவிட்டால் பிள்ளை துவண்டே கிடக்கும். தலை நிற்காது, குப்புற விழாது, தவழாது. கண்கள் மேலே செருகி மணிக்கணக்கில் அப்படியே நிற்கும், அதைப் பார்த்து வலிப்பு என்று நினைத்து வலிப்பு மருந்தே கொடுத்துக்கொண்டிருப்பதும் நடக்கிறது. கடுமையான வகையில் வயது ஏறினாலும் தலை தானாக நிற்பதில்லை.

இங்கேதான் 13 என்ற எண்ணுக்கு அர்த்தம் வருகிறது. சிகிச்சை பெற்ற அந்த 13 பேரில் 12 பேரை 48 வாரம் கழித்துப் பார்த்தபோது 8 பேர் அதற்கு முன் செய்யாத ஓர் அசைவைச் செய்தார்கள், சிகிச்சை பெறாத பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அப்படி நடக்கவில்லை. சளி காய்ச்சல் தானாகச் சரியாகும், அதனால் அதற்கான மருந்தை ஆயிரம் பேரிடம் சோதிக்க வேண்டும். தானாக ஒருபோதும் சரியாகாத நோய்க்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இந்த விரைவு அனுமதியும் வந்திருக்கிறது.

என்னை உலுக்கியது இன்னொரு விவரம். பின்னோக்கி நடக்கும் அளவுக்கு வந்த இரண்டு பிள்ளைகளும் 2 வயதுக்கு முன்பே சிகிச்சை பெற்றவர்கள். அப்படியானால் அனுமதி பாதி வேலைதான், சீக்கிரம் கண்டுபிடிப்பது மீதிப் பாதி. இந்தச் சிகிச்சை வளர்ந்த தைவானில் பிறந்த குழந்தையின் ஒரு சொட்டு ரத்தத்திலேயே இதைத் தேடுகிறார்கள். நம் மலேசிய அரசு மருத்துவமனைகளில் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டையும் தைராய்டுக் குறைபாட்டையும் பார்ப்பது போல இதுவும் ஒருநாள் வழக்கமாக வேண்டும், அதற்காக நாம் குரல் கொடுக்க வேண்டும்.

அப்புறம் நம் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. இது அம்மா அப்பா இருவரிடமிருந்தும் வரும் மரபணுப் பிழை, இருவரும் அதைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே கட்டும் குடும்பங்களில் வாய்ப்பு கூடும். மருமகள் கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டாள், கிரகணத்தில் வெளியே போனாள் என்று தயவுசெய்து பேசாதீர்கள். ஏற்கெனவே உடைந்து போயிருக்கும் பெண்ணை இன்னும் உடைக்கிறோம்.

பிள்ளைக்குத் தலை நிற்கவில்லை, கண் அடிக்கடி மேலே செருகுகிறது, ஆனால் மூளை அலைப் பரிசோதனையில் வலிப்பு தெரியவில்லை என்றால், குழந்தை மருத்துவரிடம் "டாக்டர், ஏஏடிசியா இருக்குமா?" என்று நேராகக் கேளுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையின் மரபணுப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றால், ஏன் என்று திருப்பிக் கேளுங்கள்.