ஹைட்டிக்குப் போன அரிசி
2010 ஜனவரி 12 அன்று கரீபியன் நாடான ஹைட்டியின் தலைநகரை நிலநடுக்கம் உருக்குலைத்தபோது வெளிநாடுகள் அனுப்பிய அரிசி பல உயிர்களைக் காத்தது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இலவச மூட்டைகள் வந்து குவிந்த அந்த மாதங்களிலேயே, அந்நாட்டின் ஆர்டிபோனைட் பள்ளத்தாக்கின் உழவர்கள் பாடுபட்டு விளைவித்த அரிசிக்குச் சந்தையில் விலை சரிந்தது. அவர்கள் ஏற்கெனவே நொடிந்திருந்தவர்கள். 1995இல் இறக்குமதி வரி 3 சதவீதமாகக் குறைக்கப்பட்ட பின், 'மயாமி அரிசி' என்று மக்கள் அழைக்கும் அமெரிக்க அரிசி, ஒருகாலத்தில் தன் அரிசித் தேவையைப் பெருமளவு தானே நிறைவேற்றிக்கொண்ட அந்நாட்டைக் கையேந்த வைத்தது. அக்கொள்கையை முன்னெடுத்த அமெரிக்க முன்னாள் அதிபர் பில் கிளிண்டனே 2010 மார்ச்சில் அமெரிக்க செனட் குழுவின் முன் அது தவறு என்று வருந்தினார். நிவாரண அரிசியில் ஒரு பங்கையேனும் உள்ளூர் உழவரிடம் காசு கொடுத்து வாங்குங்கள் என்று உதவும் நாடுகளை வற்புறுத்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.