பலகையின் வலது ஓரம்

ஜூன் 2, திங்கள்

இன்று புதிய ஸ்பிரின்ட், அதாவது அடுத்த இரண்டு வார வேலைச் சுற்று, தொடங்கியது. பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டிய காலைக் கூட்டம் இருபத்தெட்டு நிமிடம் ஓடியது. நேரம் நீண்டதுகூடப் பெரிதாக உறுத்தவில்லை. ஐந்து நிரலாளர்களும் பேசும்போது என் முகத்தையே பார்த்தார்கள் என்பதுதான் உறுத்துகிறது. பக்கத்தில் நிற்பவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. தன் முறை வரும்வரை காத்திருந்து, வந்ததும் ஒப்பித்துவிட்டு அமைதியானார்கள். ஸ்க்ரம் என்ற குழுவேலை முறையை அணி பின்பற்ற உதவும் ஸ்க்ரம் மாஸ்டர் பொறுப்பை ஏற்று மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் நான் கணக்குக் கேட்கிற ஆளாகிவிட்டேன்.

மூன்று பேர் "என் வேலை முடிந்துவிட்டது" என்றார்கள். எங்கள் பலகையில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பத்தி. அதில் 'முடிந்தது' என்ற பத்திக்கு ஓர் அட்டைகூடப் போகவில்லை. மூன்றும் சோதனைப் பத்தியில் போய் நின்றன. அங்கே ஏற்கெனவே நான்கு இருந்தன. எங்கள் அணியில் சோதனையாளர் ஒருவர்தான். கடைசியில் அவர் முறை வந்தபோது, "வெள்ளிக்கிழமை பார்த்ததையே தொடர்கிறேன்" என்று மட்டும் சொன்னார். கூட்டம் கலைந்தது.

நாங்கள் செய்வது மருத்துவமனைகளுக்கான முன்பதிவு மென்பொருள். ஐந்து நிரலாளர்கள், ஒரு சோதனையாளர், எந்த வேலை முதலில் என்று முடிவு செய்யும் ஒரு புராடக்ட் ஓனர், நான். ஆக எட்டுப் பேர். எல்லோரும் உழைக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் போன ஸ்பிரின்டில் திட்டமிட்டதில் பாதிக்கு மேல் இந்த ஸ்பிரின்டுக்கு வழிந்து வந்திருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எது தடையாக இருக்கிறது. காலைக் கூட்டத்தில் இந்த மூன்று கேள்விகளை வேதம் போலப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பிலேயே அவற்றை எடுத்துவிட்டார்கள். காரணம் எனக்கு இப்போது புரிகிறது. மூன்று கேள்வியும் ஆளைப் பற்றியவை. வேலையைப் பற்றியவை அல்ல.

இன்று ஆட்களை வரிசையாகக் கேட்கவில்லை. பலகையின் வலது ஓரத்திலிருந்து தொடங்கி, முடிவுக்கு மிக அருகில் இருக்கும் அட்டையைக் காட்டி, "இது வெளியே போக என்ன பாக்கி?" என்று கேட்டேன். சோதனைப் பத்தியில் முதல் அட்டை பதினோரு நாளாக நிற்கிறது. சோதனைத் தரவு இல்லாததால் தொடங்கவே முடியவில்லை என்றார் சோதனையாளர். அதை எழுதிய மூத்த நிரலாளர் அவருக்கு இரண்டு மேசை தள்ளித்தான் அமர்ந்திருக்கிறார். "என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றார். "நீங்கள் அடுத்த வேலையில் இருந்தீர்கள்" என்று பதில் வந்தது. இருவர் குரலிலும் கோபம் இல்லை.

பத்து நிமிடத்தில் தரவு கிடைத்தது. பதினோரு நாள்! இதை எழுதும்போதுகூட மனம் கனக்கிறது.

ஜூன் 4, புதன்

மதியம் முழுக்க அட்டைகளை எண்ணினேன். நிரலாக்கத்தில் 7, நிரல் பரிசீலனையில் 4, சோதனையில் 7. ஆக 18 வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன. கடந்த எட்டு வாரத்தில் முடிந்து வெளியே போனவை 48, அதாவது வாரத்துக்கு 6.

வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. வரத்தும் போக்கும் ஓரளவு சீராக இருந்தால், உள்ளே இருக்கும் எண்ணிக்கையை வெளியேறும் வேகத்தால் வகுத்தால் போதும். ஒன்று சராசரியாக எவ்வளவு காலம் உள்ளே கிடக்கும் என்பது தெரிந்துவிடும். பணம் கட்டும் வரிசைக்கும் இதுதான் கணக்கு, எங்கள் பலகைக்கும் இதுதான். 18-ஐ 6-ஆல் வகுத்தேன். மூன்று வாரம்.

எங்கள் ஸ்பிரின்டோ இரண்டு வாரம். இன்று கையில் எடுக்கும் வேலை இந்த ஸ்பிரின்டுக்குள் முடியாது என்பதைக் கணக்கே சொல்லிவிட்டது. இதற்காகவா ஒவ்வொரு முறையும் "இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம்" என்று ஒருவரையொருவர் நொந்துகொண்டோம்? முயற்சியில் குறையே இல்லை. ஒரே நேரத்தில் தொடங்கிவைத்தவைதான் மிக அதிகம்.

ஜூன் 6, வெள்ளி

எண்களை அணியின் முன் வைத்தேன். நிரலாக்கத்தில் 4, பரிசீலனையில் 2, சோதனையில் 3 அட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு வரம்பு கேட்டேன். மொத்தம் 9. வெளியேறும் வேகம் கூடாவிட்டாலும் ஒரு வேலை உள்ளே கிடக்கும் காலம் ஒன்றரை வாரமாகக் குறையும்.

மூத்தவர் உடனே எதிர்த்தார். "சோதனைப் பத்தி நிரம்பிவிட்டால் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா?" நியாயமான கேள்வி. வேலை பார்க்காமல் இருப்பதை அவமானமாக நினைக்கும் மனிதர் அவர். அந்தக் குணத்தால்தான் எங்கள் அணி பல நெருக்கடிகளைத் தாண்டியிருக்கிறது.

டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ கொண்டுவந்த முறையைச் சொன்னேன். கான்பன் என்ற ஜப்பானியச் சொல்லுக்குப் பெயர்ப்பலகை, அடையாள அட்டை என்று பொருள். அடுத்த கட்டத்திலிருந்து அட்டை வந்தால்தான் முந்தைய கட்டம் உதிரிபாகம் செய்யும். தள்ளுவது கிடையாது, இழுப்பதுதான். யாருக்கும் தேவைப்படாத பாகத்தைச் செய்து குவிப்பதை அவர் உழைப்பாகக் கருதவில்லை, விரயமாகக் கருதினார். மூத்தவர் தலையசைக்கவில்லை. "இரண்டு வாரம் பார்ப்போம்" என்றார். அதுவே போதும்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று நடந்ததை விரிவாக எழுதிவைக்க வேண்டும்.

வரம்பு முதல்முறையாகக் கடித்தது. சோதனையில் மூன்று, பரிசீலனையில் இரண்டு. அணியில் புதிதாகச் சேர்ந்த பெண் தன் அட்டையை முடித்துவிட்டு அதை நகர்த்த இடம் இல்லாமல் நின்றார். புதிதாக ஒன்றை எடுக்கவும் வழி இல்லை. அரை மணி நேரம் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சங்கடம் எனக்கும் தொற்றியது. விதியைத் தளர்த்திவிடலாமா என்று நாக்கின் நுனிவரை வந்தது. அதற்குள் அவரே எழுந்து சோதனையாளர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "அக்கா, நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று காட்டுங்கள்" என்றார்.

அவர்கள் எடுத்தது ரத்து அட்டை. ஒரு நோயாளி முன்பதிவை ரத்து செய்தால், காத்திருப்போருக்குச் செய்தி போகும். முதலில் ஒப்புக்கொள்பவருக்கு அந்த நேரம். சோதனையாளர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் சரியாக இருந்தது. புதியவர் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு, "இங்கே முதலில் இடம் காலியா என்று பார்க்கிறோம், அடுத்த அடியில்தான் பதிகிறோம். நடுவில் இன்னொருவர் நுழைந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டார். இரண்டு உலாவிகளைத் திறந்து இருவரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினார்கள். மூன்றாவது முயற்சியில் இருவருக்கும் "உங்கள் நேரம் உறுதி" என்று வந்தது.

ஒரே மருத்துவர், ஒரே பத்தரை மணி, இரண்டு நோயாளிகள்.

நிரல் தெரிந்தவருக்குத் தனியாக இது கண்ணில் பட்டிருக்காது; மென்பொருளை உடைத்துப் பார்க்கத் தெரிந்தவருக்கும் தனியாகப் பட்டிருக்காது. இருவரும் அருகருகே அமர்ந்ததால் பிடிபட்டது. தரவுத்தளத்திலேயே ஒரு மருத்துவருக்கு ஒரு நேரத்தில் ஒரே பதிவுதான் என்று கட்டுப்பாடு வைத்து, மாலைக்குள் சரிசெய்துவிட்டார்கள். காலையில் வீணாகப் போனது என்று நான் தவித்த அரை மணி நேரம்தான் இதற்கு வழிவிட்டது.

ஜூன் 11, புதன்

கூட்டம் 12 நிமிடம். என்னை யாரும் பார்க்கவில்லை. மகிழ்ச்சி.

ஜூன் 13, வெள்ளி

ஸ்பிரின்ட் முடிந்தது, பின்னோக்குக் கூட்டம். தொடங்கும் முன் ஒன்றை மட்டும் சொன்னேன்: அன்றைக்குத் தெரிந்ததையும் கையில் இருந்ததையும் வைத்து ஒவ்வொருவரும் தம்மால் முடிந்ததைச் செய்தார்கள் என்று நம்பிப் பேசுவோம். இந்த நெறியை எழுதிவைத்தவர், பின்னோக்குக் கூட்டங்களைப் பற்றி நூல் எழுதிய நார்மன் கெர்த். சடங்கு போலத் தோன்றும் வாசகம்தான், ஆனால் இன்று அது வேலை செய்தது.

ஏனென்றால் சோதனையாளர் பேசினார். "ஒரு வருடமாக 'சோதனையில் நிற்கிறது, சோதனையில் நிற்கிறது' என்று தினமும் கேட்கிறேன். வேலை நிற்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள். நான்தான் நிற்கிறேன் என்று எனக்குக் கேட்கிறது. வீட்டுக்குப் போன பிறகும் அது காதில் இருக்கிறது."

யாரும் உடனே பேசவில்லை. அந்த வாக்கியத்தை நானே எத்தனை முறை மேலதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறேன்! ஆள் மீது பழி போட வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. ஆனால் பழி போய்ச் சேர்ந்த இடம் அவர்தான். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மூத்தவரும் கேட்டார், என்னைவிடக் குறைந்த சொற்களில், என்னைவிட நன்றாக.

பிறகு 'முடிந்தது' என்றால் என்ன என்று எழுத உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் வாதம். கடைசியில் பலகையில் ஒட்டிய வரி இது: வேறொருவர் நிரலைப் படித்திருக்க வேண்டும், எழுதியவரும் சோதனையாளரும் சேர்ந்து ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும், பயனரின் கைக்குப் போகும் நிலையில் இருக்க வேண்டும். அதுவரை யாரும் "என் வேலை முடிந்தது" என்று சொல்வதில்லை.

ஜூன் 16, திங்கள்

திட்டமிடல். ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெரியது என்று சீட்டு முறையில் மதிப்பிட்டோம். ஜேம்ஸ் கிரெனிங் 2002-இல் சொன்ன வழி. எல்லோரும் எண்ணை மறைத்துவைத்து ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். முதலில் பேசுபவரின் எண் மற்றவர்களை இழுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நினைவூட்டல் செய்தி அட்டைக்கு மூத்தவர் 3 காட்டினார், புதியவர் 13. புதியவர் சீட்டை மெல்லக் கவிழ்க்கப் பார்த்தார். "இல்லை, சொல்லுங்கள்" என்று கேட்டது மூத்தவர்தான். போன வாரம் புதியவர் மட்டுமே அந்தப் பழைய நிரலைப் படித்திருக்கிறார். செய்தி அனுப்பும் பகுதி நான்கு இடங்களில் நகலெடுக்கப்பட்டுக் கிடக்கிறதாம். 8 என்று முடிவானது. எண் அல்ல முக்கியம், அந்த நான்கு இடங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டன.

ஜூன் 18, புதன்

மேலிடத்துச் சந்திப்பு. இரண்டு விஷயம் சொன்னார்கள். பக்கத்து அணியின் வெலாசிட்டி, அதாவது ஒரு ஸ்பிரின்டில் முடித்த வேலைகளின் மதிப்பீட்டு எண்களைக் கூட்டினால் வருவது, எங்களுடையதைவிட அதிகம், ஏன்? வேகம் கூட்ட இரண்டு பேரைத் தரட்டுமா?

முதலாவதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னேன். அந்த மதிப்பீட்டு எண், அதாவது ஸ்டோரி பாயின்ட், என்பது அந்தந்த அணி தனக்குள் வைத்துக்கொள்ளும் அளவு. இரு அணிகளின் எண்ணை ஒப்பிடத் தொடங்கினால் மறுநாளே எல்லா மதிப்பீடுகளும் உயரும், வெளியே போகும் மென்பொருள் மட்டும் அப்படியே இருக்கும். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் பதினேழு பேர் கூடி, மென்பொருள் உருவாக்கும் விதம் பற்றி எழுதிய அஜைல் அறிக்கையின் பன்னிரண்டு கோட்பாடுகளில் ஒன்று, ஓடுகிற மென்பொருளே முன்னேற்றத்தின் முதன்மை அளவுகோல் என்கிறது. அதையே காட்டுகிறேன் என்று சொல்லி, ஒரு வேலை தொடங்கி முடியும் வரை ஆகும் நாட்களின் வரைபடத்தை வைத்தேன்.

இரண்டாவது நல்ல மனதோடு வந்தது. மறுப்பது கடினமாக இருந்தது. ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற இயங்குதளப் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இலேயே எழுதிவிட்டார்: தாமதமான மென்பொருள் பணிக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். எட்டுப் பேருக்குள் இருவர் இருவராகப் பேச 28 வழிகள். பத்துப் பேரானால் 45. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகும் நேரமும் இதே அணியிலிருந்துதான் போகும். "இப்போது வேண்டாம். மூன்று மாதம் கழித்து ஒரு சோதனையாளர் மட்டும்" என்று கேட்டேன். யோசிப்பதாகச் சொன்னார்கள்.

ஜூன் 20, வெள்ளி

இந்த முறை வரம்பை மீறியது நான். நேற்று ஒரு மருத்துவமனை அவசரம் என்று கேட்டதும், அணியைக் கேட்காமல் நிரலாக்கத்தில் ஐந்தாவது அட்டையைச் செருகிவிட்டேன். இன்று காலைக் கூட்டத்தில் மூத்தவர் அதைச் சுட்டிக்காட்டினார்: "ஒன்றை வெளியே எடுத்துவிட்டு இதை வையுங்கள்." புராடக்ட் ஓனரை அழைத்து எதை நிறுத்துவது என்று முடிவு செய்ய நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடத்தைத்தான் நேற்று நான் தவிர்க்கப் பார்த்தேன்.

ஜூன் 27, வெள்ளி

இரண்டாவது ஸ்பிரின்ட் முடிந்தது. இந்த இரண்டு வாரத்தில் 13 அட்டைகள் வெளியே போயின. வாரக் கணக்கில் பார்த்தால் பழைய வேகத்தைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் சராசரியாக எட்டு வேலை நாளில் முடிந்தது. முன்பு பதினைந்து. அடுத்த ஸ்பிரின்டுக்கு வழிந்தவை இரண்டு மட்டும்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. நிரலாக்க வரம்பை 5 ஆக்க வேண்டும் என்று மூத்தவர் இன்னும் வாதாடுகிறார். அவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. பரிசீலனைக்காகக் காத்திருக்கும் நேரம் இன்னும் குறையவில்லை. இன்னொரு ஸ்பிரின்ட் 4-இலேயே போவது என்று ஐந்துக்கு இரண்டாக முடிவானது. மேலிடத்திலிருந்து புதிய சோதனையாளர் பற்றிப் பதில் இல்லை.

மாலையில் சோதனையாளர் என்னிடம் வந்தார். அடுத்த வாரம் நான்கு நாள் விடுப்பு வேண்டும் என்றார். ஒரு வருடத்தில் அவர் தொடர்ந்து இரண்டு நாள் விடுப்பு எடுத்ததாக எனக்கு நினைவில்லை. "யார் பார்ப்பார்கள்?" என்று அவரே தயங்கினார். நான் பதில் சொல்லத் தொடங்கும் முன் மூத்தவர் எழுந்து போய், சோதனைப் பத்தியின் தலையில் தன் பெயரையும் புதியவரின் பெயரையும் எழுதினார். பிறகு இருவரும் சோதனையாளரின் மேசைக்கு நாற்காலிகளை இழுத்துக்கொண்டு போனார்கள், சோதனைத் தரவை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டுக்கொள்ள.