அப்பாவின் வீர் சக்ராவும் அம்மாவுக்கு வரவேண்டிய அலவன்ஸும்

1971 போரில் காட்டிய வீரத்துக்காக அப்பா வாங்கிய வீர் சக்ரா விருதுக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த கேலன்ட்ரி அலவன்ஸ் (வீர விருதுக்கான படி), அவர் இறந்ததும் நின்றுபோனது. குடும்ப ஓய்வூதியம், ராணுவ ஓய்வூதியங்களுக்கான ஸ்பர்ஷ் இணையதளம் வழியாகச் சிக்கலில்லாமல் அம்மா பெயருக்கு மாறிவிட்டது. அலவன்ஸை மட்டும் காணோம். கேட்கப் போனால், கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது அவருக்குக் கொடுத்தது, அவரோட முடிஞ்சுதும்மா" என்றார். அம்மாவை அருகில் வைத்துக்கொண்டே சொன்னார். இன்னும் ஆறவில்லை எனக்கு.

அது அவரோடு முடிகிற பணமே இல்லை. விருது பெற்றவர் காலமானால், மனைவிக்கு அவர் ஆயுள் உள்ளவரை போய்ச் சேரவேண்டியது. மறுமணம் குறித்து இருந்த நிபந்தனையைக்கூட 2017-இல் நீக்கிவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் வீர் சக்ராவுக்கான தொகை மாதம் 7,000 ரூபாய், அதற்கு முன் 3,500. ஓய்வூதியக் கணக்கில் இது சேராது. அதனால் குடும்ப ஓய்வூதியம் குறைவதுபோல இது குறையவும் கூடாது. இதையெல்லாம் சொல்லும் அரசாணையை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் யாரும் கேட்பதில்லை. தாளை நீட்டிய பிறகுதான் எனக்கு உட்கார நாற்காலி கிடைத்தது.

அடுத்து ஆதாரம் கேட்டார்கள். பதக்கத்தையே எடுத்துப் போயிருந்தேன், பாதி நீலமும் பாதி காவியுமான நாடா மங்காமல் இருந்தது. அது செல்லாதாம். விருது அறிவிக்கப்பட்ட இந்திய அரசிதழின் எண்ணும் தேதியும் வேண்டும். பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளத்தில் அப்பாவின் பெயரும், அன்று அவர் செய்ததைச் சொல்லும் குறிப்பும் இருந்தன. வீட்டில் அவர் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. அம்மாவுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.

எல்லாவற்றையும்விட இழுத்தடித்தது இனிஷியல். ராணுவப் பதிவில் அம்மா பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், ஆதாரில் தாத்தாவின் இனிஷியல். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, அப்பாவின் ராணுவப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கல்யாணத்தைப் பதிவு செய்த ராணுவ ஆணையான பார்ட் டூ ஆர்டரின் நகலும் அங்கிருந்துதான் வந்தது. உங்கள் வீட்டில் விருது பெற்றவர் நல்லபடியாக இருக்கிறாரா? மனைவி பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். அவர் கையெழுத்துப் போட்டால் முடிகிற வேலை, பிறகு மாதக்கணக்கில் இழுக்கும்.

ஒருவழியாகப் பணம் வந்தது. ஆனால் விண்ணப்பித்த மாதத்திலிருந்துதான் கணக்கிட்டிருந்தார்கள். விடவில்லை. அப்பா இறந்த மறுநாளிலிருந்து சேரவேண்டும் என்று இறப்புச் சான்றிதழோடு மறுபடி எழுதினேன், மீதியும் வந்துவிட்டது. அப்புறம் இன்னொன்று: வீர் சக்ரா பெற்றவரின் ஓய்வூதியத்துக்கும், குடும்ப ஓய்வூதியத்துக்கும் வருமான வரி விலக்கு உண்டு. வரி பிடித்திருந்தால் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.